ஒரே பெயரில் இரண்டு நிரல்கள்: லினக்ஸ் பேக்கேஜ்களில் பெயர் மோதலைத் தீர்ப்பது எப்படி

உபுண்டுவில் 'பேட்' நிறுவியாயிற்று. பேக்கேஜ்களை (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதிகளை) நிறுவும் ஏபிடி எந்தக் குறையும் சொல்லவில்லை. ஆனால் டெர்மினலில் பேட் என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. 'எஃப்டி' நிறுவினாலும் இதே கதைதான். உடனே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள், அதுவும் பலிக்காது. நிறுவலில் கோளாறு எதுவும் இல்லை. அந்தப் பெயரை வேறொரு நிரல் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

கோப்புகளை வண்ணத்தில் காட்டும் பேட் டெபியனுக்குள் வருவதற்கு முன்பே, பாகுலா என்ற பேக்கப் மென்பொருளின் நிர்வாகக் கருவி பேட் என்ற பெயரில் அங்கே இருந்தது. அதனால் டெபியனிலும் உபுண்டுவிலும் பேக்கேஜ் பெயர் பேட், ஓட்ட வேண்டிய கட்டளை பேட்கேட். கோப்பு தேடும் எஃப்டிக்கும் இதே நிலை: எஃப்டிக்ளோன் என்ற கோப்பு மேலாளர் அந்தப் பெயரை வைத்திருந்ததால் பேக்கேஜ் எஃப்டி-ஃபைண்ட், கட்டளை எஃப்டிஃபைண்ட். ஃபெடோராவில் இரண்டும் சொந்தப் பெயரிலேயே ஓடும்.

ஒரு குறிப்பு: கீழே வரும் கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், எல்லாம் சிறிய எழுத்தாகத் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். டெர்மினல் திறப்பது, சூடோ கடவுச்சொல் கொடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த வகை மோதல் என்று பாருங்கள்

எல்லாவற்றையும் 'பெயர் மோதல்' என்று சொன்னாலும் தீர்வு வகைக்கு வகை மாறும்.

முதல் வகை மேலே சொன்னது. டிஸ்ட்ரோக்காரர்கள் (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளை வெளியிடுபவர்கள்) மோதலை முன்பே பார்த்து, கட்டளையின் பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தேவை ஒரு சின்ன இணைப்பு (சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்) மட்டும்.

இரண்டாவது வகையில் பேக்கேஜ் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. இதற்கு நல்ல உதாரணம் யார்ன். ஜாவாஸ்கிரிப்ட் ஆட்கள் யார்ன் என்று தட்டுவார்கள். பழைய உபுண்டு பதிப்புகள் 'சிஎம்டிடெஸ்ட் பேக்கேஜை நிறுவினால் அது கிடைக்கும்' என்று ஆலோசனை சொல்லும். நிறுவினால் யார்ன் என்ற கட்டளை வரத்தான் செய்யும். ஆனால் அது மென்பொருள் சோதனைக்கான வேறொரு கருவி. பதிப்பு எண் கேட்டால் 0.32+கிட் என்று வரும். ஓட்டினால் 'சினாரியோ ஒன்றுகூட இல்லை, ஒன்றாவது வேண்டும்' என்ற பிழை வரும். இந்தப் பிழையைப் பார்த்தால் சிஎம்டிடெஸ்ட்டை நீக்குங்கள். டெபியனில் ஜாவாஸ்கிரிப்ட் யார்னின் பேக்கேஜ் பெயர் யார்ன்பிகேஜி.

மூன்றாவது, இரண்டு பேக்கேஜ்கள் ஒரே பாதையில் ஒரே கோப்பை வைக்கப் பார்ப்பது. இங்கேதான் டிபிகேஜி (ஏபிடிக்கு அடியில் இருந்து பேக்கேஜை உண்மையில் நிறுவும் கருவி) பாதியில் நின்று, 'ட்ரையிங் டு ஓவர்ரைட்' என்று தொடங்கும் பிழையைக் காட்டும்: இன்ன கோப்பின் மேல் எழுதப் பார்க்கிறேன், அது ஏற்கெனவே இன்ன பேக்கேஜிலும் இருக்கிறது என்று.

நான்காவது வகை பிழையே காட்டாது. ஒரே பெயருள்ள இரண்டு நிரல்கள் வெவ்வேறு கோப்புறைகளில் இருக்கும். பாத் (கட்டளைகளை ஷெல் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) வரிசையில் முன்னால் இருப்பது ஓடும். 1994 முதல் இருக்கும் மிட்நைட் கமாண்டரின் கட்டளை எம்சி. மினியோ சேமிப்பகத்தின் கிளையண்ட்டும் எம்சி. பின்னதை இணையத்திலிருந்து இறக்கி /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் கோப்புறையில் போட்டால், மிட்நைட் கமாண்டர் மறைந்துபோனது போலத் தோன்றும். நீங்காமல் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆர்ச் லினக்ஸ்காரர்கள் மினியோவுடையதை எம்சிஎல்ஐ என்று மாற்றிவிட்டார்கள்; புத்திசாலித்தனம்.

படி 2: யாருடைய கோப்பு என்று கண்டுபிடியுங்கள்

முதலில் இது:

டைப் -ஏ எம்சி

பாத்தில் அந்தப் பெயரில் இருக்கும் எல்லாவற்றையும், ஓடும் வரிசையில் காட்டும். அலியாஸ் (ஷெல்லில் நீங்கள் வைத்த சுருக்கப் பெயர்), ஷெல் ஃபங்ஷன் இருந்தால் அவையும் வரும். பலர் 'விச்' பயன்படுத்துகிறார்கள். விட்டுவிடுங்கள். அது தனி நிரல் என்பதால் உங்கள் ஷெல்லுக்குள் இருக்கும் அலியாஸ் அதற்குத் தெரியாது. மோதலே அலியாஸால் வந்திருந்தால் தவறான பாதையைக் காட்டி உங்களை அலைக்கழிக்கும். 'டைப்' ஷெல்லின் சொந்தக் கட்டளை, அதற்கு எல்லாம் தெரியும்.

பாதை தெரிந்ததும் உரிமையாளரைக் கேளுங்கள் (எஸ் பெரிய எழுத்து):

டிபிகேஜி -எஸ் /யுஎஸ்ஆர்/பின்/எம்சி

எந்த பேக்கேஜ் என்று ஒரே வரியில் பதில் வரும். வராமல் 'நோ பாத் ஃபவுண்ட்' என்று வந்தால், கோப்பு எந்த பேக்கேஜையும் சேராதது என்று உடனே முடிவுகட்டி அழித்துவிடாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அந்தப் பதில் வர மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, அது உண்மையிலேயே கையால் வைத்த கோப்பு. /யுஎஸ்ஆர்/லோக்கல் அல்லது வீட்டுக் கோப்புறையில் இருந்தால் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு, அது ஆல்டர்நேட்டிவ்ஸ் (ஒரே வேலைக்கான நிரல்களில் ஒன்றைப் பொதுப் பெயரோடு இணைக்கும் ஏற்பாடு) உண்டாக்கிய இணைப்பு. நெட்வொர்க் இணைப்புக் கருவியான நெட்கேட்டின் 'என்சி' இப்படித்தான். /யுஎஸ்ஆர்/பின்/என்சி எந்த பேக்கேஜுக்குள்ளும் இல்லை. நெட்கேட்-ஓபன்பிஎஸ்டி, நெட்கேட்-ட்ரெடிஷனல் இரண்டில் ஒன்றைக் காட்டும் சிம்லிங்க் அது. இணைப்பு கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்:

ரீட்லிங்க் -எஃப் /யுஎஸ்ஆர்/பின்/என்சி

வரும் பாதையை வைத்து மறுபடி டிபிகேஜியைக் கேளுங்கள்.

மூன்று, /பின் கோப்புறையும் /யுஎஸ்ஆர்/பின் கோப்புறையும் இணைக்கப்பட்ட கதை. இன்றைய டெபியனில் /பின் என்பது /யுஎஸ்ஆர்/பின்னைக் காட்டும் இணைப்பு மட்டுமே. ஆனால் டெபியன் 12 வரை பல பேக்கேஜ்கள் தங்கள் கோப்பை /பின்/எல்எஸ் என்ற பழைய பாதையிலேயே பதிந்து வைத்திருக்கின்றன. டிபிகேஜி தன் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். இரண்டும் ஒரே இடம் என்று அதற்குத் தோன்றாது. /யுஎஸ்ஆர்/பின்/எல்எஸ் என்று கேட்டால் கையை விரிக்கும். இதற்கு மாற்று, முன்பகுதியை நட்சத்திரமாக்குவது. ஒற்றை மேற்கோள் கட்டாயம், இல்லாவிட்டால் நட்சத்திரத்தை ஷெல்லே விரித்துவிடும்:

டிபிகேஜி -எஸ் '*/பின்/எல்எஸ்'

இன்னும் நிறுவாத பேக்கேஜ்களில் யார் இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று தெரிய ஏபிடி-ஃபைல் வேண்டும். அதை நிறுவி, 'ஏபிடி-ஃபைல் அப்டேட்' ஒருமுறை ஓட்டிவிட்டு:

ஏபிடி-ஃபைல் சர்ச் -எக்ஸ் '/பின்/பேட்$'

-எக்ஸ் போடாமல் தேடினால் பேட் என்று தொடங்கும் அத்தனையும் வந்து திரையை நிரப்பும். முடிவில் உள்ள டாலர் குறி 'இத்தோடு பெயர் முடிகிறது' என்பதற்காக.

ஃபெடோராவில் இதே வேலைக்கு 'ஆர்பிஎம் -க்யூஎஃப்' பாதை. நிறுவாதவற்றுக்கு 'டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்', பாதையை '*/பின்/பேட்' என்று மேற்கோளுக்குள் தரலாம். ஆர்ச்சில் 'பேக்மேன் -க்யூஓ' (க்யூ பெரியது, ஓ சிறியது), நிறுவாதவற்றுக்கு 'பேக்மேன் -எஃப்' (எஃப் பெரியது, அதற்கு முன் ஒருமுறை -எஃப்ஒய் ஓட்டியிருக்க வேண்டும்).

படி 3: பெயர் மாறியிருந்தால் இணைப்பு போடுங்கள்

முதல் வகைக்கான தீர்வு இரண்டே வரி:

எம்கேடிர் -பி ~/.லோக்கல்/பின்
எல்என் -எஸ் /யுஎஸ்ஆர்/பின்/பேட்கேட் ~/.லோக்கல்/பின்/பேட்

எது அசல், எது இணைப்பு என்ற வரிசை குழப்பினால், 'சிபி' கட்டளையின் வரிசையேதான் என்று நினைவில் வையுங்கள்: இருப்பது முதலில், புதியது அடுத்து.

இதோடு முடிந்தது என்று பல விளக்கங்கள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். புதிய கணினியில் இதைச் செய்து பாருங்கள், பத்துக்கு ஐந்து பேருக்காவது வேலை செய்யாது. காரணம், டெபியனும் உபுண்டுவும் தரும் ~/.ப்ரொஃபைல் கோப்பில் இருக்கும் நிபந்தனை: உள்நுழையும் நேரத்தில் ~/.லோக்கல்/பின் கோப்புறை இருந்தால் மட்டும் அதைப் பாத்தில் சேர். நீங்கள் உள்நுழைந்தபோது அந்தக் கோப்புறை இல்லை, இப்போதுதான் உண்டாக்கினீர்கள். ஆகவே பாத்தில் அது இல்லை. புதிய டெர்மினல் தாவல் திறந்தாலும் பயனில்லை. வரைகலைச் சூழலில் டெர்மினல் சாளரம் ~/.ப்ரொஃபைலைப் படிப்பதில்லை. வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். அவசரமென்றால் இப்போதைக்கு:

. ~/.ப்ரொஃபைல்

முன்னால் புள்ளியும் இடைவெளியும் கவனம்.

அப்போதும் வரவில்லையா? ~/.பேஷ்_ப்ரொஃபைல் என்று ஒரு கோப்பு உங்கள் வீட்டுக் கோப்புறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேஷ் அதை மட்டும் படித்துவிட்டு ~/.ப்ரொஃபைலைத் தொடாது. சில நிறுவல் ஸ்கிரிப்டுகள் கேட்காமலே அந்தக் கோப்பை உண்டாக்கிவிடும். இசட்-ஷெல் பயன்படுத்துபவர்களுக்கு ~/.ப்ரொஃபைல் பொருந்தவே பொருந்தாது, ~/.இசட்ஷென்வ் அல்லது ~/.இசட்ஷ்ஆர்சி கோப்பில் நீங்களே பாத் வரியைச் சேர்க்க வேண்டும்.

அடுத்த கண்ணி ஹாஷ். ஒரு கட்டளையை ஒருமுறை ஓட்டியதும் அதன் பாதையை பேஷ் மனத்தில் வைத்துக்கொள்ளும். இடத்தை மாற்றினாலும் பழைய பாதைக்கே போய், அங்கே கோப்பு இல்லை என்று முறையிடும். 'டைப் -ஏ' சரியான பாதையைக் காட்டுகிறது, ஓட்டினால் மட்டும் 'நோ சச் ஃபைல்' என்கிறது என்றால் இதுதான்:

ஹாஷ் -ஆர்

இசட்-ஷெல்லில் 'ரீஹாஷ்'.

அலியாஸ் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தினம் கையால் தட்டுவதற்கு மட்டும் என்றால் போதும். ஆனால் அலியாஸ் ஸ்கிரிப்டுக்குள் ஓடாது, எக்ஸ்ஆர்க்ஸ் அதைப் பார்க்காது, ஃபைண்டின் -எக்ஸெக் பார்க்காது, வேறொரு நிரல் உள்ளுக்குள் பேட்டை அழைத்தால் அதற்கும் தெரியாது. சிம்லிங்க் எல்லா இடத்திலும் வேலை செய்யும். நான் எப்போதும் சிம்லிங்க் பக்கம்.

பின்சேர்ப்பு: இணைப்பு போட்ட பிறகு சூடோவோடு ஓட்டினால் கட்டளை இல்லை என்கிறதே என்று பலர் கேட்டார்கள். சூடோ உங்கள் பாத்தை எடுத்துக்கொள்வதில்லை. தன் அமைப்பில் உள்ள செக்யூர்_பாத் பட்டியலையே பயன்படுத்தும். டெபியன் வகையில் அந்தப் பட்டியலில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் உண்டு, உங்கள் வீட்டுக் கோப்புறை கிடையாது. சூடோவிலும் வேண்டுமென்றால் இணைப்பை /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் போடுங்கள். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸில் அந்தப் பட்டியலில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்னும் இல்லை, அங்கே முழுப் பாதையைத் தட்டுவதே எளிது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானுக்கும் இதே பிரச்சினை: டெபியனில் பயனரின் க்ரான் வேலைகளுக்குக் கிடைக்கும் பாத் /யுஎஸ்ஆர்/பின், /பின் மட்டும். க்ரானில் எப்போதும் முழுப் பாதை எழுதுங்கள்.

மற்றவர்களுக்குத் தரும் ஸ்கிரிப்டில் உங்கள் இணைப்பை நம்பாதீர்கள். தொடக்கத்தில் 'கமாண்ட் -வி' கொண்டு பேட்கேட் இருக்கிறதா, இல்லையென்றால் பேட் இருக்கிறதா என்று பார்த்து, கிடைத்ததை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். பேட்டை முதலில் தேடினால் டெபியனில் பாகுலாவின் கருவி மாட்டலாம்.

படி 4: ஒரே வேலை செய்யும் நிரல்கள் என்றால் ஆல்டர்நேட்டிவ்ஸ்

நெட்கேட்டைப் போல, பெயரும் ஒன்று, செய்யும் வேலையும் கிட்டத்தட்ட ஒன்று என்றால்:

சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கான்ஃபிக் என்சி

எண் கேட்கும், கொடுங்கள், முடிந்தது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இப்படிக் கையால் தேர்ந்ததும் அந்தப் பெயர் 'மேனுவல்' நிலைக்குப் போய்விடும். பிறகு அதிக முன்னுரிமை உள்ள பேக்கேஜ் வந்தாலும் இணைப்பு மாறாது. தானாக மாறட்டும் என்றால் '--ஆட்டோ என்சி' கொடுங்கள்.

வேறு வேறு வேலை செய்யும் நிரல்களை இதில் கட்டாதீர்கள். எம்சியை இதில் போட்டு மிட்நைட் கமாண்டருக்கும் மினியோவுக்கும் இடையே மாற்றிக்கொண்டே இருக்கலாமே என்று தோன்றும். அந்தக் கணினியில் எம்சியை அழைக்கும் எந்த ஸ்கிரிப்டும் அதன் பிறகு எப்போது எதை ஓட்டும் என்று யாருக்கும் தெரியாது. 'ரீநேம்' நல்ல எச்சரிக்கை: பெர்ல் ரீநேம் மாற்று விதியை எஸ்/பழையது/புதியது/ வடிவில் கேட்கும், யுடில்-லினக்ஸ் ரீநேம் பழைய சொல், புதிய சொல் என்று தனித்தனியாகக் கேட்கும். டெபியனில் பின்னது ரீநேம்.யுஎல் என்ற பெயரில் இருக்கிறது. ஃபெடோராவில் ரீநேம் என்றாலே யுடில்-லினக்ஸ் உடையது, பெர்லுக்கு பிரீநேம் என்று தனிப் பேக்கேஜ். ஒரு டிஸ்ட்ரோவில் எழுதிய ஸ்கிரிப்டை இன்னொன்றில் சோதிக்காமல் நூற்றுக்கணக்கான கோப்புகள் மேல் ஓட்டாதீர்கள்.

படி 5: 'ட்ரையிங் டு ஓவர்ரைட்' வந்தால்

இணையத்தில் தேடினால் முதல் பதில் '--ஃபோர்ஸ்-ஓவர்ரைட்' ஆகத்தான் இருக்கும். ஓட்டினால் நிறுவலும் முடியும். சிக்கல் பிறகு வரும். ஒவ்வொரு கோப்பும் எந்த பேக்கேஜுக்குச் சொந்தம் என்று டிபிகேஜி கணக்கு வைத்திருக்கிறது. வலுக்கட்டாயமாக எழுதினால் அந்தக் கோப்பு முதல் பேக்கேஜின் கணக்கிலிருந்து இரண்டாவதன் கணக்குக்குப் போய்விடும். முதல் பேக்கேஜ் உடைந்தது. ஆனால் நிறுவப்பட்டதாகவே காட்டும். அடுத்து அதற்கு அப்டேட் வரும்போது இதே பிழை இன்னொரு பக்கத்திலிருந்து வரும், அப்டேட் முழுவதும் பாதியில் நிற்கும். இரண்டாவதை நீக்கினாலோ கோப்பும் சேர்ந்து போகும்; முதல் பேக்கேஜின் கோப்பு தானாகத் திரும்பாது, அதை மறுநிறுவல் செய்ய வேண்டும்.

ஒரு விதிவிலக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். உபுண்டு 20.04இல் பேட், ரிப்கிரெப் (கோப்புகளுக்குள் தேடும் நிரல்) இரண்டையும் சேர்த்து நிறுவ முடியாமல் போனது. மோதியது நிரல் பெயர் இல்லை. ரஸ்ட்டின் கார்கோ கட்டுமானக் கருவி விட்டுச்சென்ற .க்ரேட்ஸ்2.ஜேசன் என்ற கோப்பு தவறுதலாக இரண்டு பேக்கேஜ்களுக்குள்ளும் புகுந்து, /யுஎஸ்ஆர் கோப்புறையில் போய் உட்காரப் பார்த்தது. நிரல்கள் ஓட அந்தக் கோப்பு தேவையே இல்லை. அங்கே ஃபோர்ஸ் போட்டதால் யாருக்கும் நட்டமில்லை. எனவே பிழைச் செய்தியில் கட்டளையின் பெயரைத் தேடுவதை விட்டு, மோதும் பாதையை முதலில் படியுங்கள்.

இரண்டு நிரலும் உண்மையிலேயே வேண்டும், மோதுவது /யுஎஸ்ஆர்/பின்னில் உள்ள கட்டளையேதான் என்றால் சரியான வழி டிபிகேஜி-டைவர்ட். 'இந்தப் பாதைக்கு வரும் கோப்பை அந்தப் பாதையில் வை' என்று டிபிகேஜியிடமே சொல்லி வைப்பது. டெபியனே இதைச் செய்கிறது. குனூ பேரலல், மோர்யுடில்ஸ் இரண்டிலும் பல வேலைகளை ஒரே சமயத்தில் ஓட்டும் 'பேரலல்' என்ற கட்டளை உண்டு. இரண்டின் எழுத்துமுறையும் வேறு. குனூ பேரலல் நிறுவும்போது அது ஒரு டைவர்ஷன் போட்டு, மோர்யுடில்ஸ் உடையதை பேரலல்.மோர்யுடில்ஸ் என்று ஒதுக்கி வைக்கும். உங்கள் கணினியில் இரண்டும் இருந்தால் பாருங்கள்:

டிபிகேஜி-டைவர்ட் --லிஸ்ட் '*பேரலல்*'

சொல்லப்போனால், ஸ்கிரிப்டில் மூன்று முக்காற்புள்ளி போட்டு பேரலலை அழைத்து விசித்திரமான பிழை வந்தால், அங்கே குனூ பேரலல் நிறுவப்படவில்லை, மோர்யுடில்ஸ் உடையது ஓடுகிறது என்று அர்த்தம். மோர்யுடில்ஸில் பதிப்பு எண் கேட்கும் தெரிவுகூட இல்லாததால், '--வெர்ஷன்' கொடுத்துப் பார்ப்பதே நல்ல சோதனை.

நீங்களே டைவர்ஷன் போடுவது இப்படி. ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜ் 'பழையது', நிறுவப் போவது 'புதியது', இரண்டும் /யுஎஸ்ஆர்/பின்/கருவி என்ற கோப்பைத் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். புதியதை நிறுவுவதற்கு முன்:

சூடோ டிபிகேஜி-டைவர்ட் --பேக்கேஜ் புதியது --ஆட் --ரீநேம் --டைவர்ட் /யுஎஸ்ஆர்/பின்/கருவி.பழையது /யுஎஸ்ஆர்/பின்/கருவி

ஒரே வரியில் தட்ட வேண்டும். இதில் எல்லோரும் தடுக்கி விழும் சொல் '--பேக்கேஜ்'. அங்கே எந்தப் பெயர் வர வேண்டும்? ஒதுக்கப்படுவது பழையதுதானே, அதன் பெயரைப் போடலாம் என்று கை போகும். தலைகீழ். '--பேக்கேஜ் புதியது' என்றால் 'புதியது தவிர மற்ற எல்லா பேக்கேஜ்களின் கோப்பையும் ஒதுக்கு' என்று பொருள். விலக்கு பெறுபவரின் பெயர் அது. மாற்றிப் போட்டால் பழையது இடத்திலேயே இருக்கும், புதியது கருவி.பழையது என்ற பெயரில் போய் உட்காரும்.

இணைய உதாரணங்களில் '--பேக்கேஜ்' இருக்கும் இடத்தில் '--லோக்கல்' இருக்கும். அதற்குப் பொருள் 'எந்த பேக்கேஜுக்கும் விலக்கு இல்லை'. /யுஎஸ்ஆர்/பின்/கருவி என்ற இடத்தில் நீங்களே கையால் எழுதிய ஸ்கிரிப்டை வைக்கப் போகிறீர்கள் என்றால் அதுதான் சரி. மோதுவது இரண்டு பேக்கேஜ்கள் என்றால் சரிப்படாது: இரண்டின் கோப்பும் ஒரே ஒதுக்கிடத்துக்குப் போகும், மோதல் அங்கே தொடரும்.

'--ரீநேம்' சொல்லையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் டைவர்ஷன் பதிவாகும், கோப்பு நகராது.

பின்வாங்கும்போது வரிசை முக்கியம். முதலில் புதியதை ஏபிடி கொண்டு நீக்குங்கள். பிறகு:

சூடோ டிபிகேஜி-டைவர்ட் --பேக்கேஜ் புதியது --ரிமூவ் --ரீநேம் /யுஎஸ்ஆர்/பின்/கருவி

புதியது இருக்கும்போதே டைவர்ஷனை எடுக்கப் பார்த்தால், வேறொரு கோப்பின் மேல் எழுத வேண்டிவரும் என்று மறுத்துவிடும். நல்லதற்குத்தான்.

கட்டளை ஒதுங்கினாலும் மேன் பக்கம் ஒதுங்காது. இரண்டு பேக்கேஜ்களும் அதே பெயரில் மேன் பக்கம் தந்தால் அதற்கும் தனி டைவர்ஷன் போட வேண்டும். ஒரு பிழை தீர்ந்ததும் /யுஎஸ்ஆர்/ஷேர்/மேன் பாதையோடு இன்னொரு பிழை வந்தால் பயப்பட வேண்டாம், அதே கட்டளையை அந்தப் பாதைக்கும் ஓட்டுங்கள்.

இவ்வளவு எதற்கு என்று தோன்றினால், இரண்டாவது நிரலை /ஆப்ட் கோப்புறையிலோ கண்டெய்னரிலோ வைத்துவிடுங்கள். எப்போதாவது பயன்படுத்தும் கருவிக்கு நான் டைவர்ஷன் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்ற அமைப்புகளில்

ஃபெடோராவின் ஆர்பிஎம், உள்ளடக்கம் ஒன்றாக உள்ள கோப்பை இரண்டு பேக்கேஜ்கள் பகிர்ந்துகொள்ள விடும். வேறுபட்டால் மட்டும் மறுக்கும். பேக்மேன் 'எக்ஸிஸ்ட்ஸ் இன் ஃபைல்சிஸ்டம்' என்று சொன்னால் அடைப்புக்குள் உரிமையாளர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது சூடோ பிப் (சூடோவோடு ஓட்டிய பைத்தான் நிறுவி) போன்றவற்றால் வந்த அனாதைக் கோப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், நகர்த்திவிட்டு நிறுவுங்கள். '--ஓவர்ரைட்' கடைசி வழி. மேக்கில் பரவலான ஹோம்ப்ரூவில் ஒவ்வொரு நிரலும் தனிக் கோப்புறையில் இருப்பதால் தலைவலி குறைவு: 'ப்ரூ அன்லிங்க்' ஒன்றை விடுவிக்கும், ஹோம்ப்ரூவின் ஆப்ட் கோப்புறை வழியாக முழுப் பாதையில் அதையும் ஓட்டலாம்.

நீங்கள் பேக்கேஜ் கட்டுபவர் என்றால்

டெபியன் கொள்கைக் கையேட்டின் 10.1 பிரிவு இதில் தெளிவு: வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்களை ஒரே கோப்புப் பெயரில் நிறுவக் கூடாது. மோதினால் ஒன்று பெயர் மாற வேண்டும். எது என்று உடன்பாடு வராவிட்டால் இரண்டுமே மாற வேண்டும். கடுமையான விதிதான், ஆனால் அது இல்லாவிட்டால் பிரபலமான நிரல் எப்போதும் சின்ன நிரலை மிதித்துவிடும். நோட்.ஜேஎஸ் கதை இதுவே. 2009இல் வந்த அதன் கட்டளை நோட். டெபியனிலோ அமெச்சூர் வானொலிக்காரர்களின் பாக்கெட் ரேடியோ நிரல் அதற்கு முன்பே நோட் என்ற பெயரில் இருந்தது. விவகாரம் 2012இல் தொழில்நுட்பக் குழு வரை போனது. பல ஆண்டுகள் டெபியனில் நோட்ஜேஎஸ் என்றே தட்ட வேண்டியிருந்தது. நோட் என்ற இணைப்பு வேண்டியவர்களுக்கு நோட்ஜேஎஸ்-லெகஸி என்று தனிப் பேக்கேஜ். இப்போது நோட் அதற்கே திரும்பிவிட்டது. கிட் கூட ஆரம்பத்தில் கிட்-கோர் என்ற பேக்கேஜாக இருந்தது, கிட் என்ற பெயரில் குனூ இன்டராக்டிவ் டூல்ஸ் இருந்ததால்.

பேக்கேஜின் விவரங்கள் உள்ள கன்ட்ரோல் கோப்பில் 'கான்ஃப்ளிக்ட்ஸ்' போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். பெயர் ஒன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பயனரை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்வது நியாயமில்லை. உங்கள் பேக்கேஜ்களுக்குள்ளேயே ஒரு கோப்பை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் 'பிரேக்ஸ்', 'ரிப்ளேசஸ்' இரண்டையும், கோப்பு இடம் மாறிய பதிப்புக்கு முந்தையவை என்ற வரம்போடு சேர்த்துப் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் அப்டேட் வரிசையைப் பொறுத்துச் சிலருக்கு உடையும், சிலருக்கு உடையாது. அந்த வகைப் பிழையைத் தேடுவதுபோல எரிச்சல் வேறில்லை.

புதிய நிரலுக்குப் பெயர் வைக்கும்முன் ஏபிடி-ஃபைல், டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் இரண்டிலும், பிறகு பல டிஸ்ட்ரோக்களின் பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரெபாலஜி தளத்திலும் தேடிப் பாருங்கள். இரண்டெழுத்துப் பெயர் வேண்டவே வேண்டாம். நிரல்மூலத்தில் தேடும் ஏஎஸ்டி-கிரெப்பின் சுருக்கமான 'எஸ்ஜி' லினக்ஸில் குழு மாற்றும் பழைய எஸ்ஜி கட்டளையோடு மோதுகிறது. வொய்க்யூ என்ற பெயரிலோ இரண்டு கருவிகள், ஒன்று கோ மொழியில், ஒன்று பைத்தானில். இரண்டும் யாமல் கோப்பைத்தான் கையாளுகின்றன, எழுத்துமுறை மட்டும் வேறு.

பின்சேர்ப்பு 2: டிஸ்ட்ரோவைப் பெரிய பதிப்புக்கு உயர்த்திய பிறகு பழைய இணைப்புகள் கழுத்தை அறுக்கும். நோட் பெயர் திரும்பியபோது, முன்பு /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் கையால் போட்ட நோட் இணைப்பு பலரிடம் அப்படியே இருந்தது; பாத்தில் அதுவே முந்திக்கொள்ளும். உயர்த்தியதும் எங்கும் சுட்டாமல் தொங்கும் இணைப்புகளைத் தேட:

ஃபைண்ட் ~/.லோக்கல்/பின் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் -எக்ஸ்டைப் எல்

வரும் பட்டியலை அழிக்கலாம். இன்னும் உயிரோடு இருந்து வேறெதையோ மறைக்கும் இணைப்புகள் இதில் வராது. அவற்றுக்கு அந்த இரண்டு கோப்புறைகளில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் 'டைப் -ஏ' ஓட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட வரி வருபவற்றைப் பாருங்கள். கையால் போட்ட டைவர்ஷன்களை 'டிபிகேஜி-டைவர்ட் --லிஸ்ட்' காட்டும். 'லோக்கல்' என்று தொடங்கும் வரிகள் நிச்சயம் உங்களுடையவை. '--பேக்கேஜ்' பெயரில் நீங்கள் போட்டவை பேக்கேஜ்களே போட்டவற்றோடு கலந்துதான் வரும், பிரித்தறிய வழியில்லை. எனவே அவற்றைப் போடும்போதே எங்காவது குறித்து வையுங்கள்.